ஊளைச் சதை குறைய யாரிடம் போவது?

"10 நாளில் 10 கிலோ குறையலாம்! பத்தியம் இல்லை! உடற்பயிற்சி இல்லை!"

சென்னை சென்டிரலில் இருந்து அரக்கோணம் போகும் மின்சார ரெயிலில் ஏறினால், இப்படி ஒரு நோட்டீசு பெட்டிக்குள் எங்காவது ஒட்டி இருக்கும். கொரட்டூரில் இறங்கினால் மின்சாரக் கம்பத்தில் அதன் தம்பி காத்திருக்கும்! கீழே ஒரு செல்போன் எண். ஆள் யார், என்ன படித்தவர் என்ற விவரம் மட்டும் கிடையாது.

இந்த நோட்டீசுக்குக் கொரட்டூரில் கிராக்கி இருப்பதில் வியப்பு இல்லை. பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை. அது 1964-ல் ஏற்பட்டது. அந்தக் காலத்தில் அங்கே வேலைக்குப் போனவர்கள் சைக்கிள் மிதித்தார்கள். நாள் முழுதும் எந்திரத்தின் முன்னால் நின்றார்கள். இன்று அதே பேட்டையில் கண்ணாடிக் கட்டிடங்களுக்குள் கம்ப்யூட்டர் முன்பு உட்கார்ந்தே பொழுதைக் கழிப்பவர்கள் ஏராளம். வேலை மாறியது. தட்டில் விழும் சோற்றின் அளவு மாறவில்லை.

2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கு எடை அதிகம். ஆண்களில் 37 பேர். ஆகவே, எடையைக் குறைக்க வேண்டும் என்று நினைப்பது வீண் ஆசை அல்ல. ஆனால் யாரைக் கேட்டுக்கொண்டு குறைக்கிறோம் என்பதில்தான் உயிரே இருக்கிறது.

இது மிகையான பேச்சு அல்ல. 2025 ஜூலையில் கன்னியாகுமரி மாவட்டத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான். உடல் இளைக்க வேண்டும் என்று, யூடியூப்பில் பார்த்தபடி சுமார் மூன்று மாதம் பழச்சாறு மட்டுமே குடித்து வந்தான் என்றும், டாக்டர் யோசனை எதுவும் கேட்கவில்லை என்றும் பத்திரிகைகள் எழுதின. கல்லூரிக்குப் போகவேண்டிய பிள்ளை.

காது டாக்டர் செய்த உபகாரம்

யாரிடம் போவது என்று தெரியாமல் அலைந்தவர்களில் உலகப் புகழ் பெற்றவர், லண்டனில் வாழ்ந்த வில்லியம் பாண்டிங். இறந்தவர்களின் அடக்க காரியங்களை ஏற்று நடத்துவது அவர் தொழில். ஐந்தரை அடிக்கும் குறைந்த உயரம்; எடையோ 202 ராத்தல், அதாவது 91 கிலோவுக்கு மேல். குனிந்து செருப்புக்கு வார் கட்ட முடியாது. மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்குவார்.

டாக்டர்கள் பலரைப் பார்த்தார். தேகப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். ஆற்றில் படகு வலித்தார், பசிதான் கூடியது! நீராவிக் குளியல் செய்து பார்த்தார். பலன் இல்லை. 1862-ல் காது சரியாகக் கேட்கவில்லை என்று வில்லியம் ஹார்வி என்ற காது டாக்டரிடம் போனார். ஹார்வி காதைப் பார்த்தார். பிறகு ஆளையே பார்த்தார். ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். சுமார் ஓர் ஆண்டில் 46 ராத்தல் இறங்கியது. 1863-ல் பாண்டிங் இந்தக் கதையைச் சிறு புத்தகமாக எழுதினார். 81 வயது வரை இருந்தார்.

பாண்டிங்கின் பத்தியத்தை எல்லோரும் பின்பற்றலாம் என்று எண்ணிவிடக் கூடாது. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர், டாக்டரைக் கேட்காமல் சோற்றை நிறுத்தினால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கி விழுவார். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குப் புரதத்தை அள்ளிக் கொடுப்பது ஆபத்து. ஒருவருக்கு மருந்தானது அடுத்த வீட்டுக்காரருக்கு வினையாகலாம்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியவர் டாக்டர்தான். தைராய்டு சுரப்பி சோம்பினால் எடை ஏறும். சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு உள்ள பெண்களுக்கு ஏறும். ஸ்டீராய்டு மாத்திரையாலும் ஏறும். இவற்றைச் சோதிக்காமல் சோற்றை மட்டும் குறைப்பது, ஓட்டை இருக்கும் இடம் தெரியாமல் குடத்துக்கு மெழுகு பூசுகிற கதைதான்.

பலகையும் பட்டமும்

டாக்டருக்கு அடுத்தபடியாகத் தேவைப்படுகிறவர் உணவியல் நிபுணர். 'டயட்டீஷியன்' என்றால் எல்லோருக்கும் தெரியும்.

இந்தியாவில் இந்த ஆராய்ச்சிக்குத் தொட்டில், நம் நீலகிரியில் உள்ள குன்னூர். ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் டாக்டர் 1918-ல் அங்கே ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஒவ்வொரு மாகாணத்தார் சாப்பாட்டையும் எலிகளுக்குப் போட்டு வளர்த்தார். பஞ்சாபிச் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் கொழுகொழு என்று வளர்ந்தன. சென்னை மாகாணத்துச் சாப்பாடு தின்றவை நோஞ்சானாயின! அந்த ஆராய்ச்சிக்கூடம் 1958-ல் ஐதராபாத்துக்குப் போயிற்று. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர். அதன் இயக்குநராக இருந்து பேர் பெற்ற டாக்டர் சி. கோபாலன், சேலத்தில் பிறந்தவர்.

இவ்வளவு பழைய படிப்பு இருந்தும், வாசலில் "ஊட்டச்சத்து ஆலோசகர்" என்று பலகை மாட்ட எந்தத் தடையும் நெடுநாள் இல்லை. மூன்று நாள் வகுப்புக்குப் போய் வந்தவரும் மாட்டினார். ஐந்து வருடம் படித்தவரும் மாட்டினார். 2021-ல்தான் மருத்துவத் துணைத் தொழில்களுக்கான தேசிய கமிஷன் சட்டம் வந்தது. உணவியல் நிபுணர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். சட்டம் வந்த மறுநாளே பலகைகள் மாறிவிடுமா? மாறவில்லை.

ஆகவே, கேட்டுத் தெரிந்துகொள்வதில் வெட்கம் வேண்டாம். "எந்தக் கல்லூரியில் படித்தீர்கள்? ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றீர்களா?" என்று தாராளமாகக் கேட்கலாம். இந்திய உணவியல் சங்கம் தேர்வு வைத்து 'ஆர்.டி.' என்ற தகுதி வழங்குகிறது. அது பெயருக்குப் பின்னால் இருந்தால் நம்பிக்கை கூடும். உண்மையாகப் படித்தவர் இந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார். கோபித்தால் எழுந்து வந்துவிடலாம்!

செலவுக்கு அஞ்சுகிறவர்கள் பெரிய அரசு ஆஸ்பத்திரியை நாடலாம். கொரட்டூர்க்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் எட்டாத தூரம் அல்ல. ஈ.எஸ்.ஐ. சந்தா கட்டும் தொழிலாளர்களுக்கு அயனாவரம் இருக்கிறது.

எத்தனை லிட்டர் எண்ணெய்?

பட்டம் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. நல்ல நிபுணரை அடையாளம் காட்டுவது, முதல் நாள் அவர் கேட்கும் கேள்விகள்தான். வந்தவர் உட்கார்ந்ததும் அச்சடித்த தாளை நீட்டுகிறவரிடம் சரக்கு இல்லை என்று அர்த்தம்.

நல்லவர் எடை, உயரத்தோடு இடுப்புச் சுற்றளவையும் அளப்பார். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் வரம்பு. அதைத் தாண்டினால் எச்சரிக்கை. பிறகு அவர் கேள்விகள் சமையல் அறைக்குள் நுழையும்.

"மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள்? வீட்டில் எத்தனை பேர்?"

நாலு பேர் உள்ள வீட்டில் ஐந்து லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒன்றேகால் லிட்டர். நாள் ஒன்றுக்கு 38 கிராம். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. ஆக, எண்ணெயால் மட்டும் தினமும் 340 கலோரி உள்ளே போகிறது. "நான் இரண்டு இட்லிதானே சாப்பிடுகிறேன்" என்று சொன்னவர் இந்தக் கணக்கைக் கேட்டதும் வாயடைத்துப் போவார்.

"வேலை நேரம் என்ன?" என்பது அடுத்த கேள்வி. இரவு 'ஷிப்டு' பார்க்கிறவருக்குக் காலை 8 மணிப் பலகாரத்தை எழுதிக் கொடுத்து என்ன பயன்? அந்த நேரத்தில் அவர் வீடு திரும்பித் தூங்கப் போவார். நடுநிசியில் கான்டீனில் என்ன கிடைக்கிறது, டீயில் எத்தனை கரண்டி சர்க்கரை என்று விசாரித்து, அதற்குத் தக்கபடி திட்டம் போடுகிறவரே வேண்டும். கேழ்வரகும் கீரையும் கொள்ளும் விற்கிற ஊரில், பெயரே வாயில் நுழையாத பழத்தை எழுதித் தருகிறவர் எதற்கு?

எவ்வளவு குறையும் என்று கேட்டால், வாரம் அரை கிலோ என்பார். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் கணக்கும் அதுதான். முதல் சில நாளில் மளமளவென்று இறங்குவது பெரும்பாலும் உடம்பில் உள்ள தண்ணீர், கொழுப்பு அல்ல. 10 நாள் நோட்டீசின் ரகசியம் இப்போது விளங்கியிருக்கும்!

டப்பா விற்கும் ஆலோசகர்

இன்னொரு ரகம் உண்டு. எடை பார்ப்பது இலவசம், யோசனை இலவசம், பவுடர் டப்பாவுக்கு மட்டும் பணம்! டப்பா விற்றால்தான் அவருக்கு வருமானம். அப்படிப்பட்டவர், "உங்களுக்கு டப்பா வேண்டாம், மோர் குடியுங்கள்" என்று எப்படிச் சொல்வார்? அக்கம்பக்கத்து அம்மாள்தானே, மூன்று கிலோ குறைந்தவர்தானே என்று நம்பி விடுகிறார்கள். அவர் குறைந்தது உண்மையாகவே இருக்கலாம். அதனால் அவர் நிபுணர் ஆகிவிட மாட்டார்.

பருமனைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதே குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. 1954-ல் வந்த மருந்து, மாய வைத்திய விளம்பரச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் பருமனும் இருக்கிறது.

2025-ல் இந்தியாவுக்கு எடை குறைக்கும் புது ஊசிகள் வந்தன. மருந்து நல்ல மருந்துதான். ஆனால் டாக்டர் சீட்டு இல்லாமல் தொடக்கூடாது. ஊசியை நிறுத்தியவர்களுக்கு இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பியதை ஆராய்ச்சி காட்டியது. ஆகாரத் திட்டம் அங்கேயும் தேவை.

கடைசியாக நல்ல நிபுணர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டில் சமைப்பது யார்?"

"அம்மா" என்பார் வந்தவர். அல்லது "சம்சாரம்" என்பார்.

"அப்படியானால் அடுத்த தடவை அவரையும் கூட அழைத்து வாருங்கள். இரண்டு வாரத்துக்கு என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஒளிக்காமல் எழுத வேண்டும். டீக்கடை வடை உட்பட!"