சுவரில் படம் போதுமா? சாவியும் வேண்டும்!



டிராயிங் ஹாலில் பஸ் ஸ்டாண்டு, மாடி வீடு என்று என்னென்னவோ வரைகிறோம். நம்ம தெருப் பசங்க பறை அடிக்க, படம் போட, நாடகம் பழக ஒரு கலைக்கூடம் என்றைக்காவது வரைந்திருக்கிறோமா?

சென்னை கண்ணகி நகரைப் பாருங்கள். ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்து அகற்றப்பட்டவர்களை 2000-இலிருந்து அங்கே குடியேற்றினார்கள். 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 2020-இல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பும் ஏசியன் பெயின்ட்ஸும் சேர்ந்து அந்த அடுக்குமாடிச் சுவர்களில் பிரம்மாண்ட ஓவியங்கள் தீட்ட வைத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஓவியம் பார்ப்பதற்கு; பழகுவதற்குத் தனியாக ஒரு இடம் வேண்டும் அல்லவா?

கொலம்பியா நாட்டு மெதெயீன் நகரில் மொராவியா என்ற பகுதி குப்பைமேட்டைச் சுற்றி வளர்ந்தது. அங்கே 2008-இல் ஒரு பண்பாட்டு மையமே கட்டித் திறந்தார்கள். வரைந்தவர் ரொஹேலியோ சல்மோனா என்ற பெரிய கட்டடக் கலைஞர்.

நம்ம கும்பகோணத்துக்கு வருவோம். கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. அது சேர்ந்து படிப்பவர்களுக்கு. எங்க தெருப் பசங்க ஆத்து மணல்லதான் பறை பழகுறாங்க. மேட்டூர் திறந்து தண்ணி வந்துட்டா அதுவும் போச்சு! எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். படித்த கணக்கு அவர்களுக்கு உதவ வேண்டாமா?

40 அடிக்கு 25 அடி, 12 அடி உயரத்தில் ஒரு ஹால் என்று வைத்துக்கொள்வோம்.

1. சத்தம்: சிமெண்டுப் பூச்சு மட்டும் இருந்தால், சபைன் சூத்திரப்படி காலி அறையில் எதிரொலி 5 விநாடிக்கு மேல் நிற்கும். பறை அடித்தால் ஒன்றும் விளங்காது. சாக்கு, கோரைப்பாயைச் சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளித் தொங்கவிட்டால் குறையும். சத்தம் வெளியே போகாமல் தடுப்பது சுவரின் கனம்தான். 9 அங்குலச் செங்கல் சுவர், கதவு இடுக்கில் ரப்பர் பட்டை, தெருப்பக்கம் ஜன்னல் வேண்டாம்.

2. வெளிச்சம்: படம் போட வடக்கு ஜன்னல் நல்லது. ஆனால் ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். சன்ஷேடு அவசியம்.

3. பெண் பிள்ளைகள்: என் தங்கச்சி நல்லா படம் வரைவா. இருட்டுச் சந்து வழியா வீட்டில் அனுப்புவாங்களா? வாசல் பெரிய தெருவைப் பார்த்து இருக்கணும். விளக்கும் தனிக் கழிவறையும் முதல் பிளானிலேயே வரணும்.

4. சாவி: அதிகாரி வீட்டில் சாவி இருந்தால், திறப்பு விழாவன்று பூட்டியதுதான்! தெருப் பிள்ளைகளே குழு அமைத்து, ஆண் ஒருவர் பெண் ஒருவர் என்று முறை வைத்துச் சாவி வைத்திருக்க வேண்டும். பறை, வர்ணம் பூட்டி வைக்க ஒரு அலமாரியும் வேண்டும்.

இதில் பெரிய செலவு எது? இடம்தான். ஆளுக்கு ஒரு டேப் எடுத்துக்கொண்டு வாருங்கள் நண்பர்களே! இந்த விடுமுறையில் அவரவர் தெருவில் சும்மா கிடக்கும் பொது இடத்தை அளந்து, வரைபடத்துடன் நகராட்சியாகட்டும் மாநகராட்சியாகட்டும், ஒரு மனு கொடுத்துப் பார்ப்போம்.

— மூன்றாம் ஆண்டு, சிவில்