தாய் இயந்திரம் (நுண்ணுயிரியல்)

தாய் இயந்திரம் என்பது ஒரே ஒரு பாக்டீரியாவை ஓரிடத்தில் நிறுத்தி, அது பல தலைமுறைகள் பிரிவதை நுண்ணோக்கி வழியாகத் தொடர்ந்து காண உதவும் நுண்பாய்மக் கருவி ஆகும். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் சக்ஜூன் ஜுன் தலைமையிலான குழு இதனை 2010-இல் அறிமுகப்படுத்தியது.

தேவை

குடுவையில் வளரும் பாக்டீரியாக்களை அளந்தால் கிடைப்பது கோடிக்கணக்கான உயிரணுக்களின் சராசரி மட்டுமே. வகுப்பின் சராசரி மதிப்பெண்ணைக் கொண்டு ஒரு மாணவரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாதல்லவா? ஒன்றை மட்டும் தனியே பின்தொடர்வதும் எளிதன்று. நல்ல ஊட்டத்தில் ஈ.கோலை பாக்டீரியா சுமார் 20 நிமிடங்களில் இரண்டாகும். இவ்வேகம் குறையாதிருந்தால், 10 மணி நேரத்தில் ஓர் உயிரணு 107 கோடியைத் தாண்டிவிடும். தொடங்கிய உயிரணு அக்கூட்டத்தில் மறைந்துபோகும்.

அமைப்பு

ஒளி ஊடுருவும் சிலிகோன் ரப்பரில் அகன்ற கால்வாய் ஒன்று வார்க்கப்படுகிறது. அதன் பக்கவாட்டில், ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர் அகலமுள்ள குறுகிய சந்துகள் வரிசையாகப் பிரிகின்றன. தலைமுடியின் தடிமன் இதைப்போல் பல மடங்கு. ஒவ்வொரு சந்தும் ஒரு முனையில் அடைபட்டது. அடைபட்ட முனையில் உள்ள உயிரணுவே 'தாய்'. அது பிரியும்போது மகள் உயிரணுக்கள் வாயிலை நோக்கித் தள்ளப்படுகின்றன. கால்வாயில் ஓடும் ஊட்டக் கரைசல் அவற்றை அடித்துச் செல்கிறது. அதே கரைசலிலிருந்து உணவு சந்துக்குள் விரவிப் பரவுகிறது. இதனால் நெருக்கடியும் இல்லை, பட்டினியும் இல்லை.

பாக்டீரியாவுக்கு முதுமை உண்டா?

கோல் வடிவ ஈ.கோலை நடுவில் பிரிவதால், ஒவ்வொரு மகளுக்கும் ஒரு பழைய முனையும் ஒரு புதிய முனையும் கிடைக்கும். பழைய முனையைப் பெற்ற உயிரணுக்கள் சற்று மெதுவாக வளர்கின்றன என்று எரிக் ஸ்டூவர்ட் முதலானோர் 2005-இல் வெளியிட்டனர். இரண்டாகப் பிரியும் உயிரிக்கு முதுமையே கிடையாது என்ற எண்ணத்தை இது அசைத்தது. ஆனால் அவர்களால் சில தலைமுறைகளையே பின்தொடர முடிந்தது.

தாய் இயந்திரத்தில் சிக்கிய உயிரணு எப்போதும் அதே பழைய முனையைத் தக்கவைத்துக்கொள்கிறது. நூற்றுக்கணக்கான தலைமுறைகள் கடந்தும் அதன் வளர்ச்சி வேகம் குறையவில்லை என 2010 ஆய்வு காட்டியது. எனினும், தலைமுறைகள் கூடக்கூட இறக்கும் வாய்ப்பு உயர்ந்தது. தளர்வு தெரியாமலே மரணம் நெருங்குகிறது என்பது விந்தையான முடிவுதான். வளர்ச்சியும் இறப்பும் ஒன்றோடொன்று பிணைந்தவை அல்ல என்று ஆய்வாளர்கள் கருதினர்.

மருத்துவத் தொடர்பு

ஒற்றை உயிரணு ஆய்வின் பயன் இதற்கு முன்பே வெளிப்பட்டிருந்தது. பெனிசிலின் கொடுத்த பின்னும் சில பாக்டீரியாக்கள் எஞ்சுவதை ஜோசப் பிக்கர் 1944-இல் விவரித்தார். நதாலி பாலபான் குழுவினர் 2004-இல் வேறொரு நுண்பாய்மக் கருவியில் ஈ.கோலையை வளர்த்து, மருந்துக்கு முன்னும் பின்னும் படம் எடுத்தனர். தப்பிப் பிழைத்தவை, மருந்து வருவதற்கு முன்பே வளர்ச்சியைப் பெரிதும் குறைத்துக்கொண்டிருந்தவை எனத் தெரிந்தது. அவை மரபணு மாற்றத்தால் எதிர்ப்பாற்றல் பெற்றவை அல்ல. அவற்றின் சந்ததி அதே மருந்துக்கு மீண்டும் மடியும். காசநோய்க்குப் பல மாதங்கள் மருந்து உட்கொள்ள வேண்டியிருப்பதற்கு இத்தகைய உறங்கும் உயிரணுக்களும் ஒரு காரணமாகக் கருதப்படுகின்றன.

குறைபாடுகள்

அடித்துச் செல்லப்பட்ட மகள்கள் பிறகு என்ன ஆயின என்பது தாய் இயந்திரத்தில் தெரியாது. சந்தின் அகலம் உயிரணுவுக்குப் பொருந்தாவிட்டால் அதன் வடிவமே மாறிவிடக்கூடும். கால்வாயில் புகும் ஒரு சிறு காற்றுக்குமிழி பல நாள் சோதனையைக் கெடுத்துவிடும்.