அதிர்வேற்பி உறை

அதிர்வேற்பி உறை என்பது, வண்டிகளின் அதிர்வேற்பியில் (ஷாக் அப்சார்பர்) உள்ள தண்டைக் கல், மணல், சேறு ஆகியவற்றிலிருந்து காக்கப் பொருத்தப்படும் மூடி ஆகும். கரடுமுரடான நிலங்களில் ஓடும் ஜீப்புகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் இவ்வுறை நன்மை தருமா, தீமை தருமா என்பது குறித்து இருவேறு கருத்துகள் உண்டு.

காக்கப்படும் பகுதி

அதிர்வேற்பியில், எண்ணெய் நிரம்பிய உருளைக்குள் உந்துருளை நகரும்போது எண்ணெய் சிறு துளைகளின் வழியே தள்ளப்படுகிறது. இதனால் அசைவாற்றல் வெப்பமாக மாறி, உருளையின் சுவர் வழியே வெளிக்காற்றில் கலக்கிறது. உந்துருளையுடன் இணைந்த எஃகுத் தண்டு, குரோமியம் பூசி வழவழப்பாக்கப்பட்டது. தண்டு உருளைக்குள் நுழையும் இடத்தில் எண்ணெய் கசியாதபடி ரப்பர் சீல் உள்ளது. தெறிக்கும் கல் பட்டுக் குரோமியப் பூச்சில் பள்ளம் விழுந்தால், அதன் கூரிய விளிம்பு ஒவ்வொரு அசைவிலும் சீலை அறுக்கும். அவ்விடத்தில் துருவும் பிடிக்கும். நாளடைவில் எண்ணெய் கசிந்து, அதிர்வேற்பி செயலிழக்கும்.

வகைகள்

* மடிப்பு உறை: துருத்தி போன்ற ரப்பர் அல்லது நெகிழிக் குழாய்.
* துணி உறை: நியோப்பிரீன் போன்ற பொருளால் ஆன, சுற்றிக் கட்டும் உறை.
* கற்காப்பு: கல் படும் பக்கத்தை மட்டும் மறைக்கும் உலோக அல்லது நெகிழித் தகடு.

உறையினால் வரும் சிக்கல்கள்

மடிப்பு உறை சுருங்கும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேறுகிறது. விரியும்போது வெளிக்காற்று உட்புகுகிறது. அதனுடன் நுண்தூசியும் உள்ளே செல்லும். கிழிந்த உறைக்குள் புகுந்த சேறு எளிதில் வெளியேறாமல் தண்டை உரைகல் போலத் தேய்க்கும். தேங்கிய ஈரம் துருவை உண்டாக்கும். எண்ணெய்க் கசிவும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். உருளையையும் சேர்த்து மூடும் துணி உறை, வெப்பம் வெளியேறுவதைக் குறைக்கும். சூடேறிய எண்ணெயின் பாகுநிலை குறைவதால் அதிர்வைத் தணிக்கும் திறனும் குறையும்.

வடிவமைப்பும் தேவையும்

உறையின் தேவை, தண்டு அமைந்துள்ள இடத்தையும் பொறுத்தது. 2016-இல் வெளிவந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வண்டியின் முன்கவையில் மடிப்பு உறைகள் இருந்தன. 2023-இல் வந்த ஹிமாலயன் 450 வண்டியில் தலைகீழ் முன்கவை பயன்படுத்தப்பட்டது. தலைகீழ் முன்கவையில் வழவழப்பான குழாய் கீழே, சக்கரத்தின் அருகில் இருப்பதால், பொதுவாக முன்புறத்தில் மட்டும் கற்காப்புத் தகடு பொருத்தப்படுகிறது. பின்புறம் திறந்திருப்பதால் சேறு தங்குவதில்லை.

தேர்வும் பராமரிப்பும்

சரளைக்கல் மிகுந்த உலர்ந்த பாதைகளில் உறை பயன் தரும். சேற்றிலும் நீரிலும் அடிக்கடி இறங்கும் வண்டிக்குத் திறந்த தண்டு அல்லது கற்காப்புத் தகடு பொருத்தமானது. உறை அணிவித்தால், நீர் வடிவதற்கான துளை அடியில் இருத்தல் வேண்டும். சேற்றில் ஓடிய பின் உறையை நீக்கித் தண்டைக் கழுவித் துடைத்தல் வேண்டும். அவ்வாறு செய்ய இயலாதவர்களுக்கு உறையில்லாத தண்டே பாதுகாப்பானது. கிழிந்த உறையை உடனே மாற்றவேண்டும் அல்லது அகற்றவேண்டும்.