கோடிகளில் நுண்ணோக்கி, இயக்குவதற்கு ஆள் எங்கே?

புதுதில்லி: விலையுயர்ந்த ஆய்வுக் கருவிகளை வாங்குவதில் உயர்கல்வி நிறுவனங்களுக்கு இருந்துவந்த தடைகளில் முக்கியமான ஒன்றை மத்திய அரசு 2025 ஜூன் மாதத்தில் அகற்றியது. 200 கோடி ரூபாய் வரையிலான உலகளாவிய ஒப்பந்தப்புள்ளிகளுக்குத் துணைவேந்தர்களும் ஆராய்ச்சி நிறுவனங்களின் இயக்குநர்களுமே ஒப்புதல் அளிக்கலாம் என்று பொது நிதி விதிகள் தளர்த்தப்பட்டன. அரசு மின்னணுச் சந்தையான 'ஜெம்' வழியாகத்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் அறிவியல் கருவிகளைப் பொருத்தவரை நீக்கப்பட்டது.

விஞ்ஞானிகள் இதை வரவேற்றதில் வியப்பில்லை. 200 கோடி ரூபாய்க்கு உள்பட்ட கொள்முதல்களில் வெளிநாட்டு நிறுவனங்களிடம் ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு 2020 மே மாதத்தில் விதிக்கப்பட்ட கட்டுப்பாடு, அதிகம் பாதித்த கருவிகளில் ஒன்று எலெக்ட்ரான் நுண்ணோக்கி. உயர்திறன் கொண்ட இந்தக் கருவியை உலகில் ஒருசில நிறுவனங்களே தயாரிக்கின்றன. அவற்றில் முன்னணியில் இருப்பவை ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்தவை.

ஆனால், வாங்கும் வழி எளிதான பிறகும் பழைய கேள்வி ஒன்று அப்படியே நிற்கிறது. வந்திறங்கும் கருவியை இயக்கப் போவது யார்? அவருக்கு யார், எத்தனை ஆண்டுகளுக்கு ஊதியம் வழங்கப் போகிறார்கள்?

கருவியும் கையும்

சாதாரண ஒளி நுண்ணோக்கியால் ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் குறைவான நுட்பங்களைப் பிரித்துக் காட்ட இயலாது. மனிதத் தலைமுடியின் தடிமனே சுமார் 80 ஆயிரம் நானோமீட்டர் என்பதை நினைவில் கொண்டால் இந்த அளவின் நுண்மை விளங்கும். அந்த எல்லையைத் தாண்ட, ஒளிக்குப் பதிலாக எலெக்ட்ரான் கற்றையைப் பயன்படுத்தும் கருவியை 1931-இல் ஜெர்மனியில் மேக்ஸ் நோலும் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் உருவாக்கினர். அதற்காக 1986-இல் ருஸ்காவுக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது.

பொத்தானை அழுத்தினால் படம் தரும் கருவி அன்று இது. ஒரு திசுவைப் பார்க்க வேண்டுமானால் முதலில் அதை வேதிப்பொருள்களில் ஊறவைத்துப் பதப்படுத்த வேண்டும். பிறகு பிசினில் புதைத்து இறுகச் செய்து, வைரக் கத்தி பொருத்திய கருவியால் 100 நானோமீட்டருக்கும் குறைவான தடிமனில் சீவ வேண்டும். சீவிய துண்டைச் சிறு உலோக வலையில் ஏந்தி, கன உலோக உப்புகளால் சாயமேற்ற வேண்டும். இத்தனைக்கும் சில நாள்கள் பிடிக்கும். ஓரிடத்தில் கை தவறினாலும் முழு வேலையும் வீண்.

கருவிக்கும் தனிக் கவனிப்பு தேவை. அதன் உள்ளே வெற்றிடம் குலையக் கூடாது. மின்சாரம் தடைபடக் கூடாது. குளிர்நீர் ஓட்டமும் அறையின் வெப்பநிலையும் சீராக இருக்க வேண்டும். அருகே கனரக வாகனம் சென்றால் ஏற்படும் அதிர்வுகூடப் படத்தைக் கெடுத்துவிடும். இதையெல்லாம் கையாளத் தேர்ச்சி பெறச் சில ஆண்டுகளாவது ஆகும். பயிற்சி வகுப்பில் கற்பதைவிட, அனுபவம் மிக்க ஒருவரின் அருகில் இருந்து கற்பதே அதிகம்.

கல்கத்தா காட்டிய வழி

இந்தியாவில் இத்துறையின் தொடக்கமே ஒரு பல்கலைக்கழகத்தில்தான். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் மேகநாத் சாஹாவின் ஊக்கத்தால், நீரஜ்நாத் தாஸ்குப்தா 1940-களில் தம் சகாக்களுடன் சேர்ந்து நாட்டின் முதல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியை உருவாக்கினார். பிகாரையும் வங்காளத்தையும் வாட்டிய காலா அசார் நோய்க்குக் காரணமான ஒட்டுண்ணியின் உள்ளமைப்பை அவரது குழுவினர் 1950-களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி வழியே ஆராய்ந்து வெளியிட்டனர். கருவியை உருவாக்கியவர்களே அதை இயக்கினர், பழுது பார்த்தனர், அடுத்த தலைமுறைக்குக் கற்றும் தந்தனர். கருவியையும் அதை இயக்குபவரையும் வெவ்வேறு கணக்கில் எழுதும் வழக்கம் அன்று தோன்றியிருக்கவில்லை.

அந்தத் தேர்ச்சியின் மதிப்பை 2020 மார்ச் மாதத்தில் நாடே கண்டது. இந்தியாவின் முதல் கரோனா நோயாளியின் தொண்டைச் சளி மாதிரியிலிருந்து அந்த வைரஸின் எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தை புணேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவன விஞ்ஞானிகள் வெளியிட்டனர். சுமார் 75 நானோமீட்டர் அளவுள்ள துகளை, சளி மாதிரியில் கலந்திருக்கும் எண்ணற்ற பிற துகள்களிலிருந்து பிரித்து அடையாளம் காணப் பழகிய கண் வேண்டும். அந்நிறுவனத்தில் எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் பிரிவு பல பத்தாண்டுகளாக இயங்கி வந்ததால்தான், நெருக்கடி வந்தபோது அந்தக் கண் அங்கே ஆயத்தமாக இருந்தது.

திட்டங்கள் பல

பல்கலைக்கழகங்களுக்குக் கருவி கிடைக்க மத்திய அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூற முடியாது. ஒவ்வொரு நிறுவனமும் விலையுயர்ந்த கருவிகளைத் தனித்தனியே வாங்க இயலாது என்பதை உணர்ந்து, வட்டாரக் கருவி மையங்களை அமைக்கும் பணியை அறிவியல் மற்றும் தொழில்நுட்பத் துறை 1970-களிலேயே தொடங்கியது. இன்று 'சைஃப்' என்ற பெயரில் இயங்கும் இந்த மையங்கள் சென்னை, மும்பை ஐஐடிகளிலும், சண்டீகரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்திலும், ஷில்லாங்கில் வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்திலும், வேறு பல இடங்களிலும் உள்ளன. தில்லி எய்ம்ஸில் உள்ள மையம் எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கென்றே அமைந்தது.

2000-இல் 'ஃபிஸ்ட்' திட்டமும், 2009-இல் 'பர்ஸ்' திட்டமும் வந்தன. பின்னர் வந்த 'சாதி' திட்டத்தில் காரக்பூர் ஐஐடி, தில்லி ஐஐடி, பனாரஸ் ஹிந்து பல்கலைக்கழகம் ஆகியவை முதலில் இடம்பெற்றன. இம்மையங்களின் நேரத்தில் 80 சதவீதத்தை வெளி நிறுவனங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. நாட்டில் எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்பதை அறிந்து நேரம் பதிவு செய்துகொள்ள 'ஐ-ஸ்டெம்' இணையதளம் 2020 ஜனவரியில் பிரதமரால் தொடங்கி வைக்கப்பட்டது.

இத்தனை ஏற்பாடுகளிலும் தொடர்ந்து வரும் குறை ஒன்று உண்டு. கருவி என்பது ஒருமுறைச் செலவு. இயக்குபவரின் ஊதியமோ 30 ஆண்டுச் செலவு. முன்னதற்கு நிதி ஒதுக்க முன்வரும் அரசுகள், பின்னதற்குத் தயங்குகின்றன. ஃபிஸ்ட் திட்டத்தின் நிதித் தலைப்புகளே கருவி, ஆய்வகக் கட்டமைப்பு, கணினி வலையமைப்பு, பராமரிப்பு என்ற அளவில்தான் வகுக்கப்பட்டன. நிரந்தரப் பணியிடம் வேண்டுமெனில் பல்கலைக்கழகம் தனியே அனுமதி பெற வேண்டும். அதற்கான கோப்பு, கருவிக்கான கோப்பைப்போல விரைந்து நகர்வதில்லை.

ஒப்பந்தத்தின் விலை

இதன் விளைவை நாட்டின் பல வளாகங்களில் காணலாம். பழைய தொழில்நுட்ப அலுவலர் ஓய்வு பெறுகிறார். அவரது இடம் நிரப்பப்படுவதில்லை. ஆய்வுத் திட்ட நிதியிலிருந்து ஓர் இளைஞர் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்படுகிறார். இரண்டு, மூன்று ஆண்டுகளில் அவர் வேலையைக் கற்றுத் தேறும்போது திட்டக் காலம் முடிகிறது. அவர் தனியார் நிறுவனத்துக்கோ, வெளிநாட்டுக்கோ சென்றுவிடுகிறார். அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்குகிறார். இடைப்பட்ட காலத்தில் ஆராய்ச்சி மாணவர்கள் இயக்க முற்பட்டால் பழுது நேர்கிறது. கருவியைப் பூட்டி வைத்தால் ஆய்வேடுகள் தேங்குகின்றன.

பராமரிப்பிலும் இதே நிலை. உத்தரவாதக் காலம் முடிந்ததும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பெருந்தொகை கட்ட வேண்டும். தேர்ந்த பணியாளர் இருந்தால் சிறு கோளாறுகளை அவரே சரிசெய்வார். எந்தக் கோளாறுக்குப் பொறியாளரை அழைக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் இல்லாத ஆய்வகத்தில் சிறு கோளாறும் மாதக்கணக்கான முடக்கமாகிவிடுகிறது.

செலவுச் சுமை வேறு வழியிலும் ஏறியது. அரசு நிதியில் இயங்கும் ஆராய்ச்சி நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு இருந்த 5 சதவீத ஜிஎஸ்டி சலுகை 2022 ஜூலையில் விலக்கிக் கொள்ளப்பட்டு, 18 சதவீத வரி நடைமுறைக்கு வந்தது. 10 கோடி ரூபாய் நுண்ணோக்கி ஒன்றுக்கு வரி மட்டும் 50 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சமாக உயர்ந்தது. அந்தக் கூடுதல் 1 கோடியே 30 லட்சம், ஒரு தொழில்நுட்ப அலுவலரின் பல ஆண்டு ஊதியத்துக்கு ஈடானது.

பாதிப்பு ஆய்வேடுகளோடு நிற்பதில்லை. சிறுநீரக நோய்கள் சிலவற்றை எலெக்ட்ரான் நுண்ணோக்கி இன்றி உறுதி செய்வது கடினம். பரம்பரையாக வரும் ஆல்போர்ட் நோயில் சிறுநீரக வடிகட்டியின் சவ்வு மெலிந்தும் பிளந்தும் இருப்பதை அந்தக் கருவிதான் நேரடியாகக் காட்டும். வசதியுள்ள மையங்கள் குறைவென்பதால் திசு மாதிரிகள் நெடுந்தொலைவு அனுப்பப்படுகின்றன. மையத்தில் ஆள் இல்லாத ஒவ்வொரு வாரமும் எங்கோ ஒரு குடும்பம் சோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் வாரம்.

மாற்றத்தின் அறிகுறிகள்

மத்திய அரசு இதை அறியாமல் இல்லை. ஆய்வுக் கருவிகளைப் பகிர்ந்து பயன்படுத்துவதற்காக 2022-இல் வெளியிடப்பட்ட 'ஸ்ரீமான்' வழிகாட்டு நெறிகள் பராமரிப்பையும் கணக்கில் கொண்டன. கருவிகளைக் கையாளப் பயிற்சி தர 'ஸ்துதி' என்ற திட்டமும் செயல்படுத்தப்பட்டது. எனினும், பயிற்சி பெற்றவருக்குப் பணியிடம் இல்லையெனில் அப்பயிற்சியின் பலன் பல்கலைக்கழகத்துக்குக் கிட்டாது.

ஆளையும் கருவியையும் சேர்த்துத் திட்டமிட்டால் என்ன நிகழும் என்பதற்கு பெங்களூரு சான்று. உறைகுளிரில் மூலக்கூறுகளைப் படமெடுக்கும் கிரையோ எலெக்ட்ரான் நுண்ணோக்கி முறைக்காக ஜாக் டுபோஷே, ஜோகிம் ஃபிராங்க், ரிச்சர்ட் ஹெண்டர்சன் ஆகியோர் 2017-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். அதே காலகட்டத்தில் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மைய வளாகத்தில், உயிரித் தொழில்நுட்பத் துறையின் நிதியுதவியுடன் தேசிய கிரையோ நுண்ணோக்கி மையம் உருவானது. கேம்பிரிட்ஜில் ஹெண்டர்சனுடன் பணியாற்றிய இந்திய ஆய்வாளர் ஒருவர் அதை வழிநடத்த வந்து சேர்ந்தார். நாட்டின் பிற பகுதிகளைச் சேர்ந்த ஆய்வாளர்களும் அங்கு மாதிரிகளுடன் சென்று பயன் பெறுகின்றனர்.

பிரிட்டனில் 2017-இல் 'டெக்னீஷியன் கமிட்மென்ட்' என்ற உறுதிமொழி கொண்டுவரப்பட்டது. ஆய்வகத் தொழில்நுட்பப் பணியாளர்களின் பங்களிப்பை வெளிக்கொணர்வது, அங்கீகரிப்பது, பதவி உயர்வுக்கு வழி செய்வது, அவர்களின் தேர்ச்சி அழியாமல் காப்பது ஆகிய நான்கையும் அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள் ஏற்றுள்ளன. பெரும் நிதி தேவைப்படாத ஏற்பாடு இது.

நாடாளுமன்றம் கேட்க வேண்டியது

2020-21-இல் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செலவிடப்பட்டது 0.64 சதவீதம் மட்டுமே. அந்தத் தொகையிலும் உயர்கல்வி நிறுவனங்களின் பங்கு 8.8 சதவீதம். ஐந்தாண்டுகளில் 50 ஆயிரம் கோடி ரூபாய் என்ற இலக்குடன் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கான மசோதா 2023 ஆகஸ்டில் இரு அவைகளிலும் நிறைவேறியபோது, பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சியை வளர்ப்பதே நோக்கம் என்று அரசு கூறியது. தனியார் துறை ஆராய்ச்சியை ஊக்குவிக்க 1 லட்சம் கோடி ரூபாய் நிதித் திட்டத்துக்கு 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தொகைகள் பெரியவை. அவற்றில் ஆய்வகப் பணியாளருக்கு உரிய பங்கு எது என்பதுதான் தெளிவாக வேண்டும்.

மாநிலப் பல்கலைக்கழகங்களின் நிலை இன்னும் கடினமானது. நாட்டின் பெரும்பாலான மாணவர்கள் பயில்வது அவற்றிலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும்தான். கருவிக்கு தில்லி நிதி தரலாம். பணியிடத்துக்கு மாநில அரசின் அனுமதி வேண்டும். இரண்டு கோப்புகளும் ஒரே ஆண்டில் சந்தித்துக் கொண்டால்தான் நுண்ணோக்கி இயங்கும். கருவி மானியத்தைப் பணியிட உறுதியுடன் இணைப்பதும், அந்தப் பணியிடத்தின் தொடக்க ஆண்டுச் செலவை மத்திய அரசு ஏற்பதும் இதற்குத் தீர்வாகலாம்.

ஆய்வுக் கருவிகள் குறித்து நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போது எத்தனை வாங்கப்பட்டன, எவ்வளவு செலவானது என்ற விவரங்களே பெரிதும் பேசப்படுகின்றன. கடந்த ஆண்டில் ஒவ்வொரு நுண்ணோக்கியும் எத்தனை மணி நேரம் இயங்கியது, அதை இயக்கியவர் நிரந்தரப் பணியாளரா, ஒப்பந்த ஊழியரா என்ற இரண்டு கேள்விகளை உறுப்பினர்கள் சேர்த்துக் கேட்டால் போதும். அந்தப் பதிலை அவையில் வைக்க வேண்டிய கட்டாயமே பல பூட்டிய அறைகளைத் திறக்க வைக்கும்.