பென்சிலோடு கடலுக்குள்

கடலுக்கடியில் பேனா எழுதாது, பென்சில் எழுதும். ஆஸ்திரேலியாவின் தென்கோடித் தீவு மாநிலமான தாஸ்மானியாவில், பாறைத்திட்டு ஒன்றின் மேல் 50 மீட்டர் அளவுநாடாவை விரித்துவிட்டு, பிளாஸ்டிக் பலகையில் மாட்டிய நீர்புகாத் தாளில் குறித்துக்கொண்டே நீந்துகிறார் ஒரு முக்குளிப்பாளர். நாடாவின் இரு பக்கமும் 5 மீட்டருக்குள் தென்படும் மீன் ஒவ்வொன்றும் கணக்கில் வரும்: என்ன இனம், எத்தனை, எவ்வளவு நீளம். நீளத்துக்குக் கண்மதிப்புதான். அடுத்த சுற்றில் நாடாவை ஒட்டிய 1 மீட்டர் அகலத்துக்குள் பாசியை விலக்கி, பாறை இடுக்குகளில் எட்டிப் பார்த்து, பதுங்கியிருக்கும் குட்டி மீன், நத்தை, நட்சத்திர மீன், கடல் முள்ளெலி எல்லாவற்றையும் எண்ண வேண்டும். இவை போக, இரண்டரை மீட்டருக்கு ஒன்றாகத் தரையை 20 படங்கள் எடுக்க வேண்டும். குளிர்காலத்தில் தண்ணீர் 12 டிகிரிக்கு இறங்கிவிடும் ஊர் அது. சம்பளம் கிடையாது.

‘ரீஃப் லைஃப் சர்வே’ என்ற இந்தத் திட்டத்தை 2007இல் தொடங்கியவர்கள் தாஸ்மானியப் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் எட்கரும் ரிக் ஸ்டூவர்ட்-ஸ்மித்தும். பொழுதுபோக்குக்காகக் கடலில் இறங்குகிறவர்களின் கணக்கை நம்பி அறிவியல் செய்ய முடியுமா என்ற சந்தேகம் நியாயமானது. அதனால்தான் ஆர்வம் மட்டும் போதாது என்று வைத்தார்கள். முக்குளிப்பில் நல்ல அனுபவம் உள்ளவர்களைத் தேர்ந்து, பயிற்சி கொடுத்து, தேர்ந்த ஆய்வாளரின் எண்ணிக்கையோடு அவர்கள் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே சேர்த்துக்கொள்கிறார்கள். பெயர் தெரியாத மீன் என்றால் படம் எடுத்து வந்து கரையில் புத்தகத்தைப் புரட்ட வேண்டும். தாளில் உள்ளதைக் கணினியில் ஏற்றும் மாலை வேலை, முக்குளித்த நேரத்தையே விழுங்கிவிடும். இலவசமாக ஆள் கிடைக்கிறது என்று இதைப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். இங்கே உழைப்புதான் இலவசம், ஒழுங்கு அல்ல.

அந்த ஒழுங்கின் பலன் 2014இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. உலகெங்கும் 87 கடல் பாதுகாப்புப் பகுதிகளை ஒரே முறையில் எண்ணிப் பார்த்ததில், பாதிக்கு மேற்பட்டவை மீன்பிடிப்பு நடக்கும் இடங்களிலிருந்து வேறுபடவே இல்லை. வரைபடத்தில் மட்டும் பாதுகாப்பு!

இதைவிடக் கவலை தருவது 2023இல் வந்த ஆய்வு. தன்னார்வலர்களின் கணக்கையும் ஆய்வு நிறுவனங்களின் நீண்டகாலக் கணக்கையும் சேர்த்து, ஆஸ்திரேலியாவைச் சுற்றி 1,636 இடங்களில் 1,057 இனங்களின் பத்தாண்டுப் போக்கைப் பார்த்தார்கள். கடல் சூடானால் பவளப்பாறை போகும் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பத்தாண்டில் பவளங்கள் ஓரளவு நிலையாக இருக்க, யாரும் கவனிக்காத குளிர்கடல் பாறைகளில்தான் நிலைமை மோசம். அங்குள்ள முதுகெலும்பற்ற இனங்களில் 30 சதவீதத்துக்கு மேல் அழியும் ஆபத்து மிகுந்தவை. காரணம் எளிது. தண்ணீர் சூடானால் உயிரினங்கள் துருவத்தை நோக்கி நகரும். தாஸ்மானியாவுக்குத் தெற்கே நகர்வதற்குப் பாறை இல்லை, ஆழ்கடல்தான்.

விட்டுப்போகிறவை ஒருபுறம், வந்து சேர்கிறவை இன்னொருபுறம். நீண்ட முள் கொண்ட கடல் முள்ளெலியின் குஞ்சுகள் வளர 12 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். வடக்கிலிருந்து வரும் கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் வலுப்பெற்று அந்தச் சூட்டைக் கொண்டுவந்தது, குஞ்சுகளையும் சேர்த்தே. 1978இல் தாஸ்மானியக் கரையில் முதன்முதலாகக் காணப்பட்ட இந்த முள்ளெலி இன்று பல இடங்களில் பாசிக்காட்டை வேரோடு வழித்துத் தின்று, வெறும் பாறையை விட்டு வைத்திருக்கிறது. இதைத் தின்னக்கூடிய பெரிய சிங்கி இறால்களை நாம் ஏற்கெனவே பிடித்துத் தின்றுவிட்டோம்.

எண்ணுகிறவர்களுக்கு எப்போதாவது ஒரு பரிசும் கிடைக்கும். கை போன்ற துடுப்புகளால் கடல்தரையில் நடக்கும் சிவப்புக் கைமீன், தாஸ்மானியத் தலைநகர் ஹோபார்ட் அருகே ஒரே ஒரு சிறு திட்டில் மட்டுமே எஞ்சியிருப்பதாக நினைத்திருந்தார்கள். 2018 தொடக்கத்தில், யாரோ ஒருவர் ஒரு மீனைப் பார்த்ததாகச் சொல்ல, ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் தேடிப்போய் இரண்டாவது திட்டைக் கண்டுபிடித்தார்கள். இரண்டும் சேர்த்தே நூறு மீன் அளவில்தான் இருக்கும் என்பது மதிப்பீடு. 2023-24 கோடையில் கடல் சூடேறியபோது, அவற்றில் 25ஐப் பிடித்துவந்து தொட்டியில் வைத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

அதன் உறவு மீன் ஒன்றுக்கு இந்தக் கொடுப்பினைகூட இல்லை. 1802 வாக்கில் பிரெஞ்சுப் பயணக் குழுவினர் பிடித்துச் சென்ற வழவழப்புக் கைமீன் ஒன்றே ஒன்றுதான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை. 2020இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அது அழிந்துவிட்டது என்று அறிவித்தது. மறு ஆண்டே அதைத் திரும்பப் பெற்று, ‘தரவு போதாது’ என்ற பட்டியலுக்கு மாற்றியது. இருநூறு ஆண்டுகளில் பெரும்பகுதி அந்தப் பாறைகளில் நாடா விரித்து எண்ணியவர் யாரும் இல்லாததால், அழிந்தது என்று சொல்லவும் ஆதாரம் போதவில்லை.