கொட்டை வரை விவசாயம், பருப்பானால் வியாபாரம்

(வானொலியில் ஒலிபரப்பான உரை)



புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் ஆதனக்கோட்டை வந்துவிட்டதை முந்திரி வறுபடும் வாசனையே சொல்லிவிடும். இரும்புச் சட்டியில் வறுத்து, கையால் தட்டி உடைத்து, பருப்பெடுத்து விற்கிறார்கள். அந்தப் பக்கத்து அம்மா ஒருவர் சமீபத்தில் என்னிடம் வந்தார். "சார், பத்து கிலோ பருப்பைப் பொட்டலம் போட்டு டவுன் கடைக்குக் கொண்டுபோனேன். நம்பர் இல்லேன்னு திருப்பிட்டாங்க. நான் விவசாயிதானே, எனக்கெதுக்கு நம்பர்?" என்றார்.

நியாயமான கேள்விதான். நம் தோட்டத்துக் கொட்டையைக் காயவைத்து அப்படியே விற்கும் வரை நாம் விவசாயி. அந்த வருமானத்துக்கு வருமான வரி இல்லை. ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டாம். உடைக்காத கொட்டையைப் பதிவு பெற்ற வியாபாரி நம்மிடம் வாங்கினால், அதற்கான ஜி.எஸ்.டி.யைக் கட்ட வேண்டியவர் அவர்தான். "வரிக்காகப் பிடித்துக்கொள்கிறேன்" என்று அவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வறுத்து உடைத்துப் பருப்பாக்கி விற்கத் தொடங்கினால் நாம் வியாபாரியும் ஆகிறோம். அப்போது செய்ய வேண்டியவை இவை:

முதலாவது, உணவுப் பாதுகாப்புப் பதிவு. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் வயலில் விளைவிப்பவரை விட்டுவிடுகிறது. உணவுப் பண்டம் தயாரித்து விற்பவரை விடுவதில்லை. சிறு தொழிலுக்குக் கட்டணம் சொற்பம்தான். கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும். கடைக்காரர் கேட்ட 'நம்பர்' இதுதான்.

இரண்டாவது, தராசும் பொட்டலமும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும். பொட்டலத்தில் நம் பெயர், விலாசம், நிகர எடை, தயாரித்த மாதம், அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஜி.எஸ்.டி. 2017 ஜூலையில் வந்தது. 2019 ஏப்ரல் முதல், சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 இலட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு என்று ஆயிற்று. ஆனால் வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பினால் இந்தச் சலுகை கிடையாது. சிறிய தொகையானாலும் பதிய வேண்டும்.

நான்காவது, கணக்கு நோட்டு. சொந்தக் கொட்டையை உடைத்து விற்றால், அந்தக் கொட்டையின் சந்தை விலையும் கூலி, விறகுச் செலவும் போக மிஞ்சுவதே வியாபார இலாபம். பிறரிடம் வாங்கி உடைத்தால், அதில் வரும் இலாபம் முழுவதும் வியாபார இலாபம். ஆகவே சொந்தச் சரக்கு எவ்வளவு, வாங்கியது எவ்வளவு என்று தனித்தனியே அன்றன்றே எழுதுங்கள். எழுதாவிட்டால், விவசாய வருமானம் இவ்வளவு என்று நாளைக்கு நிரூபிக்க முடியாமல் போகும்.

2020 ஜூலையில் வந்த உத்யம் பதிவையும் செய்துகொள்ளுங்கள். தொழில் கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது கைகொடுக்கும். ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும், அரசுக்குக் கட்டணம் கிடையாது. யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் நம்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

அந்த அம்மா பதிவு எண் வாங்கிவிட்டார். அதே கடையில் இப்போது அவர் பொட்டலம் தொங்குகிறது. பாடுபட்டு எடுத்த பருப்பு ஒரு காகிதம் இல்லாததால் திரும்பி வரலாமா? யோசியுங்கள்.