கியர்பெட்டியை மாற்றினால் மட்டும் போதுமா?

இலங்கையின் வீதிகளில் ஓடும் கார்களில் கணிசமானவை ஜப்பானில் சில வருடங்கள் பாவிக்கப்பட்ட பின்னர் இங்கு கொண்டுவரப்பட்டவை. ஒட்டோமெட்டிக் கியரே வழமையாகிவிட்ட நாட்டிலிருந்து வருவதால் அவற்றில் பெரும்பாலானவையும் ஒட்டோமெட்டிக் வாகனங்களாகவே உள்ளன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து வருடங்களில் புதிய வாகனம் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டு, உள்ளதை ஓடச் செய்வதே பலருக்கு ஒரே வழியாயிற்று. அவ்வாறு வயதேறிய கார்களில் ஒட்டோமெட்டிக் கியர்பெட்டி பழுதடையும்போது கராஜ்களில் கூறப்படும் ஆலோசனைகளுள் ஒன்று, "கழற்றிவிட்டு மனுவல் கியர் போட்டுவிடுவோம்" என்பதாகும்.

இவ்வாலோசனை முற்றிலும் தவறானதன்று. மனுவல் கியர்பெட்டி எளிமையானது. திருத்துவதற்கும் செலவு குறைவு. கிளட்ச் பெடல், பறக்கும் சில்லு, அச்சுத்தண்டு ஆகியவற்றைப் பொருத்தும் கைவண்ணம் நமது மெக்கானிக்குகளிடம் தாராளமாகவே உள்ளது. எனினும் 1990களுக்குப் பிந்திய பெரும்பாலான கார்களில் ஒட்டோமெட்டிக் கியர் என்பது இரும்பும் எண்ணெயும் மாத்திரமன்று. அதன் ஒரு பாதி, இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் கணினிக்குள் இருக்கிறது. இரும்பை மாற்றிவிட்டு அக்கணினியை மறந்துவிடுவதே இம்மாற்றத்தில் நேரும் மிகப் பெரிய தவறாகும்.

நண்பர் ஒருவரின் காருக்கு நேர்ந்தது இதற்கு உதாரணம். மனுவல் கியர் மாற்றப்பட்ட நாளிலிருந்து அதன் முகப்பில் 'செக் என்ஜின்' விளக்கு அணையவே இல்லை. "அது அப்படித்தான் இருக்கும்" என்று கூறி அனுப்பிவிட்டார்கள். சில மாதங்களின் பின் ஒருநாள் காலை, வீட்டிலிருந்த ஒருவர் கதவுக்கு வெளியே நின்றபடியே சாவியைத் திருகினார். முதலாம் கியரில் நிறுத்தப்பட்டிருந்த கார் முன்னே பாய்ந்து மதிலில் மோதியது. மதிலுக்கும் காருக்குமிடையில் எவரும் நிற்காதது நற்பேறு.

இது ஏன் நிகழ்ந்தது? ஒட்டோமெட்டிக் காரில் 'பார்க்' அல்லது 'நியூட்ரல்' நிலையில் அன்றி ஸ்டார்ட்டர் மோட்டார் இயங்காது. கியர்பெட்டியில் பொருத்தப்பட்டுள்ள ஆளியொன்று இதனை உறுதிசெய்கிறது. பெட்டியைக் கழற்றும்போது அந்த ஆளியும் போய்விடுவதால், அதற்குரிய இரு கம்பிகளையும் நிரந்தரமாக முடிந்துவிடுவது இலகுவான தந்திரம். கார் உடனே ஸ்டார்ட் ஆகும்; ஆனால் எந்தக் கியரில் இருந்தாலும் ஸ்டார்ட் ஆகும். முறையான வழி, கிளட்ச் பெடலை முழுமையாக மிதித்தால் மட்டுமே மின்னோட்டம் செல்லும் வகையில் ஓர் ஆளியைப் பொருத்துவதாகும். மனுவல் கார்களில் இவ்வேற்பாட்டை ஜப்பான் 1999ஆம் ஆண்டிலேயே சட்டத்தின் மூலம் கட்டாயமாக்கியது என்பது குறிப்பிடத்தக்கது.

கம்பிகளை முடிவதால் மற்றொரு விளைவும் உண்டு. கார் எப்போதும் நியூட்ரலில் நிற்கிறது என்றே கணினி எண்ணிக்கொள்கிறது. ஒட்டோமெட்டிக் காரைப் பிரேக் பிடித்து 'டிரைவ்' நிலையில் நிறுத்தும்போது, இயந்திரத்துக்கும் கியருக்கும் இடையே எண்ணெயின் மூலம் விசையைக் கடத்தும் 'டோர்க் கொன்வேட்டர்' இயந்திரத்தின் மீது ஒரு சுமையை ஏற்றுகிறது. அதனை ஈடுசெய்யக் கணினி சிறிது காற்றையும் எரிபொருளையும் கூட்டிக் கொடுக்கும். மனுவல் காரிலோ கிளட்சை மிதித்ததும் சுமை முற்றாக நீங்கிவிடும். விடுவித்ததும் திடீரென ஏறும். இரண்டுக்கும் வேண்டிய கணக்குகள் வேறு வேறானவை.

ஓடும் காரில் எக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது கணினி எரிபொருளை நிறுத்தி, சுழற்சி ஓர் எல்லைக்குக் குறைந்ததும் மீண்டும் வழங்கத் தொடங்கும். கனமான டோர்க் கொன்வேட்டர் அகற்றப்பட்ட பின்னர் சுழற்சி முன்னரை விட விரைவாக வீழ்கிறது. பழைய கணக்கிலேயே இருக்கும் கணினி அதனைத் தாங்கிப் பிடிக்கப் பிந்திவிடுகிறது. சுற்றுவட்டத்தை நெருங்கிக் கிளட்சை மிதித்ததும் இயந்திரம் நின்றுபோவதாகச் சாரதிகள் முறையிடுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. பல கார்களில் வேகத்தை அளக்கும் சென்சரும் கியர்பெட்டியிலேயே உள்ளது. புதிய பெட்டியின் சென்சர் வேறு வகையினதாக இருப்பின் வேகமானி பிழையாகக் காட்டும் என்பதோடு, கார் ஓடுகிறதா நிற்கிறதா என்பதையும் கணினி அறியாது தவிக்கும்.

இனி அந்த விளக்கைப் பார்ப்போம். ஒட்டோமெட்டிக் பெட்டிக்குள் கியர்களை மாற்றும் சொலினொயிட் வால்வுகளைக் கணினி ஓயாமல் சோதித்துக்கொண்டிருக்கிறது. அவை காணாமற் போனதும் பி 0700 வரிசையிலான பழுதுக் குறியீடுகளைப் பதிந்து விளக்கை எரியவிடும். சில கார்களில் பாதுகாப்பு கருதி இயந்திரத்தின் வலுவையும் குறைத்துவிடும். எப்போதும் எரியும் விளக்கு எதையும் எச்சரிக்காத விளக்காகும். நாளை ஒட்சிசன் சென்சர் பழுதடைந்து எரிபொருள் வீணாகும்போதோ, ஸ்பார்க் பிளக் ஒன்று தவறி வினையூக்கி மாற்றி கருகும்போதோ அச்செய்தி உரிமையாளரை எட்டாது. 2008இல் நம் நாட்டில் ஆரம்பிக்கப்பட்ட புகைப் பரிசோதனை, குழாயிலிருந்து வெளிவருவதையே அளக்கிறது. அதில் தேறியமை, இவ்வேலை முழுமையாகச் செய்யப்பட்டது என்பதற்குச் சான்றாகாது.

சிலர் சொலினொயிட்களின் இடத்தில் மின்தடைகளைப் பொருத்திக் கணினியை ஏமாற்ற முனைகின்றனர். வால்வு இருக்கிறது என்று கணினி நம்பக்கூடும். ஆனால் பெட்டிக்குள் நுழையும் சுழற்சியையும் வெளியேறும் சுழற்சியையும் அது ஒப்பிட்டுப் பார்க்கும்போது பொய் வெளிப்பட்டுவிடும்.

நேர்மையான வழிகள் மூன்று. முதலாவது, அதே இயந்திரத்துடன் மனுவல் கியராகவே தயாரிக்கப்பட்ட காரின் கணினியையும் உரிய கம்பித் தொகுதியையும் பொருத்துவது. திருட்டுத் தடுப்பு முறையுள்ள கார்களில் சாவியையும் புதிய கணினிக்கு அறிமுகப்படுத்த வேண்டும். இன்றேல் இயந்திரம் ஸ்டார்ட் ஆகாது. இரண்டாவது, இருக்கும் கணினியின் மென்பொருளை மாற்றி எழுதுவது. 'டியூனிங்' என்றதும் பந்தயக் கார்களே நினைவுக்கு வந்தாலும், இங்கு நடைபெறுவது குதிரைவலுவைக் கூட்டும் வேலையன்று. கியர் வகை மனுவல் என அறிவித்தல், இல்லாத வால்வுகளைப் பற்றிய சோதனைகளை நீக்குதல், ஓய்வுநிலைச் சுழற்சியைச் சரிசெய்தல் ஆகியனவே அதன் சாரம். எழுதும் வேளையில் பட்டரி வலுவிழந்தால் கணினியே பழுதாகலாம் என்பதால் அனுபவமுள்ளவரே இதனைச் செய்ய வேண்டும். எல்லாக் கணினிகளும் இதற்கு இடமளிப்பதுமில்லை. மூன்றாவது, முற்றிலும் புதிய தனிக் கணினியைப் பொருத்துவது. செலவும் உழைப்பும் அதிகமான இவ்வழி சாதாரண பாவனைக்கு அரிதாகவே தேவைப்படும்.

இவை அனைத்துக்கும் முன்னர் கேட்க வேண்டிய கேள்வியொன்று உண்டு: பழைய பெட்டி உண்மையிலேயே முடிந்துவிட்டதா? ஒட்டோமெட்டிக் கியரின் கோளாறுகளில் சில, பழுதடைந்த ஒரு சொலினொயிட்டினாலோ, மாற்றப்படாத எண்ணெயினாலோ ஏற்படுபவை. பழுதுக் குறியீடுகளை வாசிக்காமல் பெட்டியைக் கழற்ற எவருக்கும் அனுமதியளிக்கலாகாது.

மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், விலை பேசும்போதே கணினிக்கான வேலையையும் சேர்த்துப் பேசுவது அவசியம். கணினியை என்ன செய்யப் போகிறீர்கள், கிளட்ச் ஆளி பொருத்துவீர்களா, வேக சென்சர் பொருந்துமா என்ற மூன்று கேள்விகளுக்கும் தெளிவான பதில் கிடைக்காத இடத்தில் காரை விட்டுவருவது புத்திசாலித்தனமன்று.

வேலை முடிந்து காரைப் பொறுப்பேற்கும்போது செய்யத்தக்க எளிய சோதனையும் உண்டு. கிளட்சை மிதிக்காமல் சாவியைத் திருகிப் பாருங்கள். முன்னெச்சரிக்கையாகக் கியரை நியூட்ரலில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டர் அசையக்கூடாது. இயந்திரத்தை இயக்காமல் சாவியை 'ஒன்' நிலைக்குத் திருப்பும்போது 'செக் என்ஜின்' விளக்கு எரிய வேண்டும். இயந்திரம் இயங்கத் தொடங்கியதும் அணைய வேண்டும். தொடக்கத்திலேயே எரியாவிடின் குமிழ் கழற்றப்பட்டிருக்கலாம். அணையாவிடின் வேலை இன்னும் முடியவில்லை. மீதிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது அந்த விளக்கையே.